அம்மாவின் முறை

கேளம்பாக்கத்தில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் கருவாடு வறுக்கக் கூடாது. அப்படிச் சட்டம் எதையும் எழுதி ஒட்டவில்லை. நான்தான் ஒருமுறை தெரியாமல் வறுத்துவிட்டேன். மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டே "குட்மார்னிங் ஆன்ட்டி" என்றார். சொல்லவேண்டியதெல்லாம் அந்தக் குட்மார்னிங்கிலேயே இருந்தது. அதிலிருந்து மகள் வீட்டுக்குப் போனால் பீன்ஸும் கேரட்டுமாகச் சாப்பிட்டுவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பிவிடுகிறேன்.

போன வாரமும் போயிருந்தேன். மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போன் அன்றைய வேத பாகத்தை வாசித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். யாரோ ஒருவர் கணீரென்று வாசிக்கிறார், பின்னால் மெல்லிய கீபோர்டு இசை, நேரமில்லை என்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மகள் கூட்டித்தான் வைத்திருந்தாள். யூதா தேசத்து ராஜாக்கள் மளமளவென்று பட்டத்துக்கு வந்து மளமளவென்று செத்துக்கொண்டிருந்தார்கள். ஆசா ராஜா வந்தான். அவனுக்குக் காலில் வியாதி வந்ததும், அது முற்றியதும், ஆண்டவரை விட்டுவிட்டு அவன் வைத்தியர்களைத் தேடிப் போனதுமாக ஒரு வசனம் உண்டு. அந்தக் குரல் மூச்சுக்கூட வாங்காமல் அதைத் தாண்டிப் போயிற்று.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதக் கொஞ்சம் நிறுத்துடி."

"ஏம்மா, சத்தமா இருக்கா?"

"சத்தமெல்லாம் இல்ல."

நிறுத்தினாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளிக்கப் போனாள். ஆபீஸ் பஸ் வருவதற்குள் அவளிடம் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. உங்களுக்குக் கொஞ்சம் நேரமிருக்கும் என்று நம்பி உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். ஏரிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு வாடகை வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். எங்களவர்கள் அன்றைக்குச் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் பெரியவள், டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டரின் ஆபீசில் சேர்ந்த புதிது. தங்கை கிரேஸ் படித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம். வீட்டில் பெரிய வேதப்புத்தகம் ஒன்றுதான். கறுப்பு அட்டை, அப்பா அம்மா கல்யாணத்துக்கு வந்தது. துணி அலமாரியின் மேல்தட்டில் அந்துருண்டைகளோடு இருக்கும். மோட்சம் என்றால் அந்துருண்டை வாசனை அடிக்கிற இடம் என்று வெகுநாள்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாயில் வட்டமாக உட்காருவோம். அப்பா, அவர் பக்கத்தில் அம்மா, பிறகு நான், பிறகு கிரேஸ். ஆளுக்கொரு வசனம். வாசித்தவர், வசனத்தின் மேல் வைத்த விரலை எடுக்காமல் புத்தகத்தை அடுத்த மடிக்குத் தள்ளவேண்டும். அடுத்தவர் விரல் வந்து தொட்ட பிறகுதான் தன் விரலை எடுக்கலாம். நேற்று யாரோடு முடிந்ததோ அவருக்கு அடுத்தவர் இன்று தொடங்கவேண்டும்.

அப்பாவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, எதையும் விட்டுத் தாண்டக் கூடாது. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பேர் வரிசையாக வருகிற அதிகாரமானாலும் வாசித்தாகவேண்டும். இன்னொன்று, அடுத்தவர் முறையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயில் நுழையாத ஒரு பேரில் கிரேஸ் தடுக்கி நின்றால், நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். எடுத்துக்கொடுத்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். "அது அவ முறை. அவ வாசிப்பா" என்பார். ரயில் வந்தாலும் அப்படித்தான். ரயில் போகிறவரை வசனம் காத்திருக்கும். ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்குகிற இடத்தில் ஒருமுறை நீளமான சரக்கு ரயில் ஒன்று வந்துவிட்டது. அது கடைசிப் பெட்டியைக் காட்டுவதற்குள் கிரேஸ் அழுதேவிட்டாள்.

அம்மா மெதுவாக வாசிப்பாள், அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக. வீட்டில் அம்மாவின் குரல் உரக்கக் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். மற்றபடி "சோறு ஆறுது", "தண்ணி வந்துடுச்சு" என்கிற அளவோடு சரி. கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாடுவாள். அங்கே அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டதில்லை. அது ஒரு குறையாக எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அம்மாவைப் பேசச் சொன்னவள் எஸ்தர். சதுரங்கப்பட்டினத்து மீனவப் பெண். கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு வந்து தெருத்தெருவாக விற்பாள். முன்பு குப்பம்மாவாக இருந்தவள், அவள் ஊரில் ஓலைக்கொட்டகை போட்டு நடந்த ஒரு சபையில் சேர்ந்து எஸ்தர் ஆனாள். வியாபாரம் முடிந்ததும் எங்கள் வீட்டுப் பின்பக்கப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அம்மாவுக்கும் அவளுக்கும் என்ன பொருத்தமோ, மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

"அக்கா, எங்க சபைக்கு ஒரு தபா வந்து பாரேன். புடிக்கலன்னா வுட்டுடு. இன்னா பேஜாரு இதுல?"

அம்மா போனாள். ஒருமுறை போனவள் மறுபடியும் போனாள். ஒரு நாள் என் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள், "அங்க என்ன எழுப்பி நிக்க வெச்சி, ஆண்டவர் உனக்குச் செஞ்சத சாட்சியா சொல்லுன்னாங்கடி. நான் பேசுனேன். எல்லாரும் கேட்டாங்க." சீப்பு என் முடியிலேயே நின்றிருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குரலிலேயே தெரிந்தது, இனி இவளை அங்கிருந்து யாராலும் திருப்ப முடியாது என்று.

முதலில் கம்மலைக் கழற்றினாள். அந்தச் சபையில் நகை போடமாட்டார்கள். பிறகு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம், "வர்ற ஞாயித்துக்கிழம சதுரங்கப்பட்டினம் போறேன். முழுக்கு எடுக்கப்போறேன்" என்றாள். குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, பெரியவர்களாகி முழுகித்தான் எடுக்கவேண்டும் என்பது அவர்கள் உபதேசம். அப்பா கோயிலில் வேதபாடம் வாசிப்பவர். அவர் மனைவி போய்க் கடலில் முழுகினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "கூடப் போ. அவளுக்குக் கடல்னா பயம்" என்றார். அவ்வளவுதான்.

டச்சுக்காரன் கோட்டையின் இடிந்த மதிலைத் தாண்டிக் கரைக்குப் போனோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "அலை ஜாஸ்தியா கீது, அந்தாண்ட தள்ளிப் போங்க" என்று கத்தினார். வெள்ளைப் புடவையில் அம்மாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமல்லபுரத்துக்குப் போனால் கால்கூட நனைக்காமல் மணலில் தள்ளி நிற்கிறவள், எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனாள். பாஸ்டர் அவளை முழுக்கி எடுத்தார். எழுந்தபோது அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, பல் தெரிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கரைக்கு வந்து நடந்தபோது ஈர மணலில் அவள் கால் வைத்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

"ஒண்ணுமில்லடி. கிளிஞ்சல் குத்திடுச்சு."

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. தினம் மாத்திரை. முழுக்கு எடுத்த மறுநாள் அந்த மாத்திரைச் சீசாவை அப்பாவின் கையில் கொடுத்து, "இது இனிமே வேணாங்க. மருந்து தொடமாட்டேன்னு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். என்னப் பாத்துக்கறவர் பாத்துப்பார்" என்றாள். அப்பா அதை எறியவில்லை. அலமாரியின் மேல்தட்டில், வேதப்புத்தகத்தை எடுத்தால் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார்.

அதே மாதத்தில் சபைக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் கோயில் கமிட்டியைச் சொல்கிறேன். வீட்டுக்காரியைத் திருத்த முடியாதவர் பீடத்தில் நின்று வேதம் வாசிப்பது சரியில்லை என்றார்கள். அப்பா சரி என்றார். வாசிப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இதைப்பற்றி அவர் அம்மாவிடம் ஒரு சொல் சொன்னதில்லை, அதுமட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சொல்லாததெல்லாம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். அது சாயங்கால வாசிப்புக்குள் போயிற்று.

கால் காயம் ஆறவில்லை. முதலில் ஒரு கீறல், பிறகு காசளவு, பிறகு சுற்றிலும் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் சட்டத்தை மீறினார். வரிசையை விட்டுவிட்டு, "இன்னைக்கு வேற ஒண்ணு வாசிக்கலாம்" என்று பக்கத்தைத் தேடி எடுத்தார். எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழப் பற்றுப் போட்ட அதிகாரம். மருந்து என்பது வேதத்துக்கு விரோதம் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்கிறார். அம்மாவுக்குப் புரியாமலா போகும்? மறுநாள் அவள், "இன்னைக்கு நான் சொல்றத வாசிக்கலாம்" என்றாள். ஆசா ராஜாவை எடுத்தாள். காலில் வியாதி வந்து, வைத்தியரைத் தேடிப்போய், அடுத்த வசனத்திலேயே செத்துப்போனவன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆண்டவருடைய வார்த்தை இரண்டு கட்சிக்காரர்களின் கையிலும் கல்லாகப் போயிற்று. எறிவது அவர்கள், வாசிப்பது நானும் கிரேஸும். அம்மாவைக் குத்துகிற வசனம் என் முறையில் வரும், அப்பாவைக் குத்துவது கிரேஸ் முறையில் வரும். அவள் பாதியில் என்னைப் பார்ப்பாள். நான் என்ன செய்வேன்? சத்தத்தைக் குறைத்து வாசிப்பேன். இருவரில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அப்பாவுக்கு அவள் பிழைக்கவேண்டும். அம்மாவுக்குத் தான் கொடுத்த வாக்கு நிலைக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா தனியாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விரலால் வசனங்களைத் தொட்டுத் தொட்டு, "நான், அவ, பெரியவ, சின்னவ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன செய்கிறார் என்று அப்போது புரியவில்லை. சாயங்காலம் எடுத்தது நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டி, அவனைத் தூக்கிப்போய்ச் சத்திரத்தில் சேர்த்த வசனம் அம்மாவின் முறையில் வரும்படி அவர் எண்ணி வைத்திருக்கிறார். அவள் வாயால் அவளே வாசித்தால் மனசு மாறும் என்று அந்தப் பாவிமனிதர் கணக்குப் போட்டிருக்கிறார்.

அன்றைக்குப் பார்த்து எஸ்தருக்குக் கடைசி பஸ் தப்பிவிட்டது. எங்கள் வீட்டில் தங்கினாள். வட்டத்தில் அம்மா அவளைத் தனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இழுத்து உட்காரவைத்தாள்.

அப்பா, "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே. சும்மா கேக்கட்டும்" என்றார்.

"அவளுக்கும் முறை உண்டு" என்றாள் அம்மா. "நான் சொல்லிக் குடுக்கறேன்."

அப்பாவின் முகம் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மத்தியானத்து முணுமுணுப்பு எனக்கு விளங்கியது. கணக்கு தப்பிவிட்டது. அவர் குறிவைத்த வசனம் எஸ்தர் மடிக்குப் போயிற்று. அம்மா துண்டு துண்டாகச் சொல்ல, எஸ்தர் கருவாடு கூவுகிற குரலில் திருப்பிச் சொன்னாள். எண்ணெய் வார்த்துக் கட்டினான் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"இன்னாக்கா இது? காயத்துக்கு எண்ண ஊத்தலாம்னு வேதத்துலயே கீதா?"

அப்பா அவசரமாக, "எண்ணெயோட முடியலம்மா. அப்புறம் சத்திரத்துக்குத் தூக்கிட்டுப் போறான், ஆள் வெச்சுப் பாக்கச் சொல்றான். அந்தச் சத்திரம்தான் ஆஸ்பத்திரி. அதப் பாரு" என்றார்.

எஸ்தர் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாந்தானக்கா உன் கையப் புடிச்சி இட்டுகினு போனேன். கொஞ்சம் இந்தாண்டயா இட்டாந்திருந்தா கிளிஞ்சல் குத்தியிருக்காதே" என்று அழ ஆரம்பித்தாள். புத்தகத்தின் மேலேயே கண்ணீர் விழுந்தது. அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த தடவை எஸ்தர் வந்தபோது கூடையில் ஒரு சீசா வேப்பெண்ணெய் இருந்தது. பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்ததாம். டாக்டருக்குக் காட்டாத காலை அம்மா அவளுக்குக் காட்டினாள். எஸ்தர் வரும்போதெல்லாம் எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி கிழித்துக் கட்டிவிடுவாள். அப்பாவால் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் எடுத்துக்கொடுத்த வசனம்தானே. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல எஸ்தர். வலியே இல்ல."

"ஸ்தோத்திரம்!" என்பாள் எஸ்தர். இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிடும். சர்க்கரை முற்றிய காலில் வலி தெரியாது என்பதும், அந்த வலியில்லாமைதான் ஆபத்து என்பதும் எங்களுக்குத் தெரியாது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. வீடு முழுக்க வேப்பெண்ணெய் வாசனை. அதற்குக் கீழே வேறொரு வாசனையும் இருந்தது. அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. பேச்சு குழறியது. அப்பா என்னை ரிக்‌ஷா கூப்பிட அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது அம்மாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்திருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க. என்ன விட்டுடுங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

அப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். எந்தக் காரியத்துக்கும் முன்னால் ஒரு வசனம் தேடுகிற மனிதர் அன்றைக்கு அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் வைத்தார். அம்மா அழுதுகொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டவேண்டியதுதான். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அம்மா கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். போர்வை தட்டையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அப்பாமேல், அம்மாமேல், பாஸ்டர்மேல், கமிட்டிமேல், கடைசியில் அந்தப் புத்தகத்தின் மேல்.

வீட்டுக்கு வந்த பிறகு சாயங்கால வாசிப்பை அப்பா மறுபடி தொடங்கினார். பழைய வரிசையில், விட்ட இடத்திலிருந்து. அம்மா நாற்காலியில், அதே இடத்தில். அப்பா தன் வசனத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை அவள் மடியில் வைப்பார். அவள் விரலை வைப்பாள். வாயைத் திறக்கமாட்டாள். நாங்கள் காத்திருப்போம். ஒரு வசனத்தின் நேரம் போனதும் அவள் புத்தகத்தை எனக்குத் தள்ளுவாள். நான் அடுத்த வசனத்தை வாசிப்பேன். அம்மா மௌனமாக வைத்திருந்த வசனங்களை வேறு யாரும் எடுத்து வாசிக்கவில்லை. அப்பா தன் இரண்டாவது சட்டத்தை விடவே இல்லை. எத்தனையோ அதிகாரங்கள் எங்கள் வீட்டில் இப்படி ஓட்டை ஓட்டையாகப் போயின.

அம்மா சபைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. விசுவாசத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று அங்கே பேச்சு. ஆண்டவர் தண்டித்தார் என்று இங்கே பேச்சு. எஸ்தர் வரவில்லை. அவள் கூவுகிற சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்கும், எங்கள் தெருவுக்குள் வராது. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். நான் ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது ஒரு நாள் சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி அவளைத் தேடிப் போனேன். மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சிகினு வருவேன் கண்ணு?"

"அம்மா கருவாடு தீந்துபோச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வரேன்னு சொல்லு" என்றாள். வரவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது கருவாட்டு வாசனை வந்தால் நான் ஒரு நிமிஷம் வாசலைப் பார்ப்பேன்.

வரிசையாக வாசித்துக்கொண்டு போனால் ஆசா ராஜா மறுபடியும் வந்துதானே ஆகவேண்டும். அவன் வரப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது, கிரேஸுக்கும் தெரிந்தது. அப்பா அந்த அதிகாரத்தைத் தாண்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தாண்டவில்லை. அன்றைக்கு அவர் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை என்பது நிச்சயம். பார்த்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்திருப்பார். தன் வசனத்தை முடித்துவிட்டு அடுத்ததன்மேல் அம்மா விரல் வந்து நின்றபோதுதான் அது எது என்று பார்த்தார். கால் வியாதி வசனம்.

"இன்னைக்கு இதோட போதும்" என்று புத்தகத்தை இழுத்தார். "ஜெபம் பண்ணலாம்."

அம்மா விரலை எடுக்கவில்லை.

"இருங்க. என் முறை."

வாசித்தாள். பழைய மாதிரியே, கல் பொறுக்கிப் பொறுக்கி. ஒரு சொல் விடவில்லை. முடித்துப் புத்தகத்தை என் மடிக்குத் தள்ளினாள். எனக்கு வந்தது அவன் செத்துப்போன வசனம். முதல் சொல்லிலேயே தடுக்கி நின்றேன். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"வாசிடி" என்றாள் அம்மா. "செத்துட்டான்னுதான இருக்கு."

வாசித்தேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல்தடவை. "வைத்தியர்கிட்ட அவனாப் போனான், செத்துட்டான். என்ன நீங்க தூக்கிட்டுப் போனீங்க, நான் உக்காந்திருக்கேன். இதுக்கு என்ன அர்த்தம்? நீங்க வாத்தியாராச்சே, சொல்லுங்க."

எதற்கும் ஒரு வசனம் கைவசம் வைத்திருக்கிறவர் அப்பா.

"தெரியல" என்றார். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த எண்ணெய் வசனத்த நான் எடுத்துக் குடுத்திருக்கக் கூடாது" என்றார். அவர் அழுது நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"எனக்கும் தெரியல" என்றாள் அம்மா. "வாக்கு போச்சே, காலும் போச்சேன்னு இருக்கு. உசுரு இருக்கேன்னும் இருக்கு." பிறகு கிரேஸைப் பார்த்து, "உன் முறைடி. முடி" என்றாள்.

மறுநாளிலிருந்து அம்மா தன் முறையில் வாசித்தாள். அப்பாவை அவள் மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சில வருஷங்கள் அப்படியே போயின. அம்மா போன பிறகும் அப்பா அவள் இடத்தை மூடவிடவில்லை. பாயில் அந்த இடம் காலியாகவே இருக்கும். தன் வசனத்தை முடித்துவிட்டு, புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அம்மா வாசிக்கிற நேரம் பேசாமல் இருப்பார். பிறகு அந்தக் காலி இடத்தின் மேலாகக் கையை எட்டி எனக்கு நீட்டுவார். அவளுடைய மெதுவான வாசிப்பின் நேரம் அவருக்கு அத்துப்படி.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். எஸ்தரின் சபைக்கொட்டகை இருந்த இடம் எது என்று இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவும் போய்விட்டார். கிரேஸ் பெங்களூரில் இருக்கிறாள். அவளும் போனில்தான் கேட்கிறாளாம். புத்தகம் என்னிடம் இருக்கிறது. சமாரியன் பக்கத்தில் எஸ்தரின் கண்ணீர் விழுந்த இடம் இன்னும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், அந்துருண்டை வாசனைதான்.

மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் அதைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஆசா ராஜாவின் அதிகாரத்தை வாசித்தேன். ஒரு வசனம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் விரலை எடுக்காமல் இருந்தேன், அடுத்த விரல் வந்து தொடட்டும் என்று. யாரும் இல்லை. இப்போது எல்லா வசனமும் என் முறைதான்.